கேக் சாயாத வண்டி

ஷோரூமுக்குள் நுழைந்ததும் கேக்கம்மா வண்டியின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே பின்பக்கம் போய் டிக்கியைத் திறக்கச் சொல்கிறார். உள்ளங்கையை விரித்து அதன் தரையைத் தடவுகிறார். மேடு தட்டினால் உதடு பிதுங்குகிறது; சரிவு தெரிந்தால் பெருமூச்சு. அதற்குள் விற்பனைக்காரர் முன்பக்கம் ஓடி, பெரிய திரையைப் போட்டுவிட்டு, பல் தெரியக் காத்திருக்கிறார்.

"டிவி எங்க வீட்லயே இருக்குப்பா. இந்தத் தரை ஏன் இப்படி முண்டும் முடிச்சுமா இருக்கு, அதச் சொல்லு."

அடுக்கு கேக் செய்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். செய்வது பாதி, சாயாமல் சேர்ப்பது மீதி. ஓட்டும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். பிரேக்கின் அளவு வெறுங்காலுக்குத்தான் தெரியுமாம். வழியிலுள்ள வேகத்தடைகளுக்கு உறவுமுறை வைத்திருக்கிறார். கடைத்தெருவில் இருப்பது பெரிய நாத்தனார்: தூரத்திலேயே தெரியும், மரியாதை கொடுத்துவிட்டால் தொல்லையில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருப்பது ஓரகத்தி: சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும்.

பழைய பெட்ரோல் கார் நெரிசலில் நின்றால் சூடேறி அணைந்துவிடும். கூடவே ஏசியும் நின்றுவிடும். ஒரு கல்லூரி விழாவுக்குப் போன கேக் அப்படித்தான் வழியிலேயே கஞ்சியாகிப்போனது. மின்சார வண்டி நின்றாலும் ஏசி நிற்காது என்று யாரோ சொல்ல, அன்று தொடங்கியது இந்த அலைச்சல். கோபமும் அன்றே தொடங்கிவிட்டது. போன இடத்திலெல்லாம் வண்டி எத்தனை நொடியில் பறக்கும் என்று சொன்னார்கள். உங்களுக்கு வண்டி எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒரு கடையில் மின்சார ஸ்கூட்டரைக் காட்டி, "லேடீஸுக்கு இதான் வசதி, பின்னாடி பெட்டி மாட்டிக்கலாம்" என்றார்கள். "கேக்க ஆட்டி ஆட்டி மாவாக்கணும்னா வசதிதான்" என்று திரும்பி வந்தார்.

அவர் கணவருக்கு வேறு கவலை. நடுரோட்டில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது? "பெட்ரோலும் இருக்கட்டும், கரண்டும் இருக்கட்டும். ஹைப்ரிட்டே வாங்கிடலாமே" என்றார். போய்ப் பார்த்தார்கள். சார்ஜ் போட்டுக்கொள்ளும் வகை அது. பெட்ரோல் டேங்க், பேட்டரி இரண்டுக்கும் இடம் கொடுத்ததில் டிக்கியின் தரை ஒரு சாண் மேலேறியிருந்தது. மூன்றடுக்கு கேக்கை நிறுத்தினால் கூரை இடிக்கும்.

"ஊரத் தாண்டிப் போறவங்களுக்கு இது சரிங்க. நான் இந்த ஊருக்குள்ளயேதான சுத்துறேன். ரெண்டு வீட்டுக்கு வாடகை குடுத்துட்டு ஒரு வீட்ல குடியிருக்கற மாதிரில்ல இருக்கு" என்றார் கேக்கம்மா. கணவர் தலையாட்டினார். பயம் மட்டும் போகவில்லை.

மூன்றாவதாக ஒரு பெரிய பேட்டரி கார். அன்று பழைய கார் மெக்கானிக்கிடம் இருந்தது. கையிலோ ஒரு பிறந்தநாள் கேக். நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய ஒரு சிறுமிக்கு. "வெறும் வண்டிய ஓட்டிப் பாத்து என்ன தெரியப்போவுது" என்று கேக்கோடு ஷோரூமுக்கே போய்விட்டார். வாசலிலிருந்து மெயின் ரோடு வரை தானே எடுத்துத் தருவதாக விற்பனைக்காரர் சொன்னார். கேக்கம்மா பின்சீட்டில் உட்கார்ந்து, டிக்கியில் இருந்த கேக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"பிக்கப்பப் பாருங்க மேடம்" என்று விற்பனைக்காரர் ஒரு மிதி மிதித்தார். வண்டி அம்பாகப் பாய்ந்தது. எதிரே சிக்னலைக் கண்டு காலை எடுத்தார், அவ்வளவுதான். பிரேக்கைத் தொடாமலேயே வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் நின்றது. கேக்கின் மேலடுக்கு வழுக்கி, நடு அடுக்கின் மேல் குப்புற விழுந்தது.

"அது வண்டியோட ஃபீச்சர் மேடம். கால எடுத்தா சார்ஜ் ஏறும்."

"சார்ஜ் ஏறிடுச்சு. என் கேக் எறங்கிடுச்சு. இதக் கொறைக்க முடியாதா?"

"முடியும் மேடம். ஸ்கிரீன்ல மெனுவுக்குள்ள போயி மாத்திக்கலாம்."

"அத ஏன் மொதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கறதில்ல மேடம்."

கேக்கம்மா கத்தவில்லை. அவரது கோபம் கத்தும் கோபமல்ல, கூட்டிக்கொண்டு போகும் கோபம். "இனிமே நான் ஓட்டுறேன். நீ கூட வா" என்றார். சிறுமியின் வீட்டுச் சமையலறையில் மூன்றடுக்கை இரண்டடுக்காக்கி, வெடிப்புகளைக் க்ரீம் பூக்களால் மூடினார். விற்பனைக்காரர் டையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிறுமி கேக்கைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஏன் ஒரு பக்கம் கோணலா இருக்கு?"

"கொழந்த கேக்குதுல்ல. பதில் சொல்லு" என்றார் கேக்கம்மா.

"நான்தான் பாப்பா, வண்டிய வேகமா ஓட்டிட்டேன்."

"ரொம்ப வேகமாவா?"

"ரொம்ப."

சிறுமி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நெடுநாளாயிற்றோ என்னவோ, அவளுடைய அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் கேக்கம்மா சொன்னார்: "அவ சிரிச்சதால நீ தப்பிச்சன்னு நெனைக்காத. அந்தப் புள்ளைக்கு மூணடுக்கு கேக்குன்னு வாக்குக் குடுத்திருந்தேன்." அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஓட்டிப் பார்க்கப் போன வண்டியில் கேக்கை நம்பி வைத்தது தன் தப்பும்தான் என்று அவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

கடைசியில் அமைந்தது, கூரியர்காரர்கள் வாங்கும் சின்ன மின்சார வேன். "இது சரக்கு வண்டி மேடம், ஃபேமிலிக்கு ஆகாது" என்று அங்கேயும் ஒருவர் தடுத்துப் பார்த்தார். திரையில்லை, பாய்ச்சலில்லை. தரை மட்டும் பலகைபோல் சமமாக இருந்தது. காலை எடுத்தால் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை ஒரு திருகில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு சார்ஜுக்குப் பெரிய காரின் பாதி தூரம்தான் ஓடும். ஆனால் ஊருக்குள் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, வீட்டு பிளக்கில் செருகிவிட்டுத் தூங்கலாம். முதல் வாரம் கணவர் கூடவே வந்தார், சார்ஜ் முள்ளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு. அது பாதிக்குக் கீழே இறங்கவேயில்லை. அடுத்த வாரம் வரவில்லை.

போன வாரம் குறுகலான ஒரு தெருவில், ஒரு கார்க்காரர் வேனை ஒட்டிக்கொண்டு வந்து விடாமல் ஹாரன் அடித்தார். கேக்கம்மா வண்டியை நிறுத்தி, வெறுங்காலோடு இறங்கி வந்தார். வேனின் பின்கதவுகள் இரண்டையும் அகலத் திறந்து, உள்ளே நின்ற நான்கடுக்கு வெள்ளை கேக்கைக் கார்க்காரர் கண் நிறையப் பார்க்கும்வரை ஒதுங்கி நின்றார். ஹாரன் ஓய்ந்தது. கதவுகளைச் சாத்திவிட்டுப் போய் ஏறி, முன்பைவிட மெதுவாக வண்டியை எடுத்தார்.