மறித்தவர்களுக்காக வைத்த நேர்த்தி

"கேட்டுல மறிச்சிட்டாங்கம்மா..."

என் மகள் வளர்மதி போனில் கடைசியாகச் சொன்னது இதுதான். பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ கத்தினார்கள். ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அதோடு போன் செத்துவிட்டது.

அது ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. இங்கே பாரிஸில், லா ஷப்பலில் காலை பத்து மணி இருக்கும். நான் வேலை பார்க்கும் புடவைக் கடையின் பின்னறையில், கல்யாணப் பெண் ஒருத்தியின் பிளவுசுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஊசி எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

பிள்ளையாரை நம்பி வாழும் என் சொந்தங்களே, என் பெயர் அன்னலட்சுமி. உங்களில் பலர் என்னைத் தையல்காரி என்று அறிவீர்கள். வாய்க்காரி என்று அறிந்தவர்களும் உண்டு. ரூ பஜோல் பிள்ளையார் கோயிலில் பிரசாத வரிசையில் யாராவது நடுவில் புகுந்தால் முதலில் எழும்பும் குரல் என்னுடையதுதான். அந்த வாயால் பிள்ளையாரிடம் நான் என்ன கேட்டேன், அவர் எனக்கு என்ன தந்தார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது மொரே. மணிப்பூரில், பர்மா எல்லையில் இருக்கும் ஊர். பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் அங்கே கடை வைத்து, கோயில் கட்டி வாழ்கிறார்கள். கணவர் இறந்த பிறகு, ஒரு பாண்டிச்சேரிக் குடும்பத்துக்குப் பிள்ளை பார்க்க நான் பாரிஸ் வந்து, பிறகு தையல் வேலைக்கு மாறினேன். வளர்மதி என் தம்பி வீட்டில் வளர்ந்தாள். படிக்கப் போன இடத்தில் காம் என்ற பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். அவன் ஸோமி. மணிப்பூர், மிசோரம், பர்மா மலைகளில் வாழும் மக்கள் அவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். நான் குதிகுதியென்று குதித்தேன். ஒரு நாள் அந்தப் பையன் வீடியோவில் வந்து, "அத்தை, சாப்ட்டீங்களா?" என்று தமிழில் கேட்டான். பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. மீதிக் கோபம் அவள் உண்டானதும் போய்விட்டது.

ஆனால் அதற்குள் மணிப்பூரில் கலவரம் வந்துவிட்டது. செய்தியில் பார்த்திருப்பீர்கள். பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் மலைக்கு வரமுடியாது, மலையில் இருப்பவர்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கமுடியாது. பெரிய ஆஸ்பத்திரியும் விமான நிலையமும் இருக்கும் இம்பால் என் மகளுக்கு இல்லாத ஊராகிவிட்டது. ஏதாவது ஒன்று என்றால் மேற்கே மிசோரம் பக்கம், ஐசாலுக்குத்தான் போகவேண்டும். மழைக்காலத்தில் அந்த ரோட்டை ரோடு என்று சொல்ல முடியாது.

அந்த ரோட்டில்தான் அவர்கள் நின்றார்கள். ஸோமிகளுக்குள்ளே ஆயுதம் எடுத்த குழுக்கள் பல வருடங்களாக இருக்கின்றன. தங்கள் மலை தங்களுக்கு வேண்டும் என்று கேட்கிறவர்கள். கலவரத்துக்குப் பிறகு ஒரு குழுவின் பையன்கள் அங்கங்கே மூங்கில் தடி போட்டு, கேட் என்று பெயர் வைத்து, வருகிற போகிற வண்டிகளை மறித்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் காவலுக்கு வரவேண்டும் என்று சொல்லி, காமையும் வேறொரு மலைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நிறைமாதத்தை நெருங்கும் மனைவியை விட்டுவிட்டு அவன் போனான். அன்றிலிருந்து அந்தப் பையன்கள் என்றாலே எனக்கு வயிறு எரியும். இங்கே உட்கார்ந்துகொண்டு தினமும் அவர்களைத் திட்டினேன்.

வளர்மதிக்கு நச்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ரத்தம் பட்டால் ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். அந்த வியாழக்கிழமை ரத்தம் பட்டது. மாமியார் ஒரு ஜீப்பைப் பிடித்து அவளை ஏற்றினார். ஏறியதும் எனக்குப் போன் செய்தாள். பேசிக்கொண்டே வந்தவள்தான், மறித்துவிட்டார்கள் என்றாள். பிறகு அந்த வெடி.

நான் போட்ட சத்தத்தில் கடைக்கார ரஞ்சி அக்கா ஓடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன அன்னம்? ஆர் போனிலை? ஏன் இப்பிடிக் குளறுறீர்?"

"சுட்டுட்டாங்க அக்கா. எம்புள்ளைய மறிச்சுச் சுட்டுட்டாங்க."

"ஆர் சுட்டது? ஆமியோ?"

"இல்லக்கா. அந்த மலைக்காரப் பசங்க. அவங்க இயக்கம்."

இயக்கம் என்றதும் அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தம்பி ஊரில் இயக்கத்துக்குப் போய்த் திரும்பி வராதவர். கடைக்கு வரும் எல்லோருக்கும் அது தெரியும்.

"பொறும் அன்னம். மறிக்கிறவன் எல்லாம் சுடுறதுக்கு மறிக்கிறேல்லை. அங்காலை ஏதும் இருக்கும். நாங்களும் உப்பிடி எத்தினை தரம் நிண்டனாங்கள்."

"உங்க தம்பி அதுல இருந்தாருல்ல, நீங்க அப்படித்தான் சொல்வீங்க!"

என் வாய் அப்படிப்பட்ட வாய். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து என் கோட்டை எடுத்துக் கையில் தந்தார். "கோயிலுக்குப் போட்டு வாரும். கடையை நான் பாக்கிறன்" என்றார்.

நான் ஓடினேன். விமானம் ஏறிப் போகவும் வழியில்லை. என் விசா அட்டை பிரெஃபெக்சூர் அலுவலகத்தில் புதுப்பிப்புக்குக் கிடந்தது, போனால் திரும்பி வரமுடியாது. போனாலும்தான் என்ன, அந்த மலைக்கு எப்படி ஏறுவேன்?

மத்தியானப் பூசைக்கு நாலைந்து பேர்தான் இருந்தார்கள். நான் பிள்ளையாருக்கு முன்னால் கும்பிடவில்லை, சண்டை போட்டேன். "விக்கினம் தீர்க்கிறவன் என்று உனக்குப் பெயர். அப்படியானால் தீர். அந்த ரோட்டில் துப்பாக்கியோடு நிற்கிறவன் ஒருத்தன் மிச்சமில்லாமல் எடுத்துவிடு. எப்படி எடுப்பாயோ எனக்குத் தெரியாது. அவனவன் அம்மா அழட்டும், எனக்கென்ன! என் பிள்ளைக்கு வழி வேண்டும். எடுத்துவிட்டால் உன் தேரன்று கை ஓயும்வரை தேங்காய் உடைக்கிறேன்." இதுதான் நான் வைத்த நேர்த்தி. வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

பிறகு காத்திருந்தேன். மகள் போனைக் கூப்பிட்டேன், அணைந்திருக்கிறது என்றது. மருமகனைக் கூப்பிட்டேன், அதுவும் அப்படியே. மொரேயில் தம்பியைக் கூப்பிட்டேன். "அங்க நெட்டு இல்லக்கா, டவரும் இல்ல. அழாத" என்று சொல்லிவிட்டு அவனே அழுதான். திரான்சியில் என் அறைக்குப் போகும் ரயிலில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அடுப்புப் பற்றவைக்கவில்லை. போனைச் சார்ஜரிலிருந்து எடுக்கப் பயம். குளியலறைக்குப் போகக்கூடப் பயம், அந்த நேரம் பார்த்து அடித்துவிட்டால்? திரும்பத் திரும்ப அந்த வெடிச் சத்தம் காதில் கேட்டது. யாரைச் சுட்டிருப்பார்கள்? அவள் முகம் அவர்கள் முகம் இல்லை. நீ யார், உளவு சொல்லவா வந்தாய் என்று கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடி கோயிலுக்கு வந்து தூணோரம் உட்கார்ந்தேன். திட்டுவதற்கும் தெம்பில்லை. "எதையாவது சொல்லப்பா, நல்லதோ கெட்டதோ சொல்லிவிடு" என்று மட்டும் கேட்டேன். தீபாராதனை நடக்கும்போது போன் அடித்தது. தெரியாத எண். ஐயர் திரும்பிப் பார்த்தார். வாசலுக்கு ஓடி எடுத்தேன்.

"அம்மா..."

என் பிள்ளையின் குரல்! கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பொண்ணும்மா. ஐசால் ஆஸ்பத்திரில ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. எடை கம்மியாம், கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க. நான் நல்லாருக்கேன்."

"சுட்டாங்களேடி! என் காதுல கேட்டுச்சே!"

"வானத்தைப் பாத்துச் சுட்டாங்கம்மா. சுடலைன்னா நாங்க செத்திருப்போம்."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மழையோடு பனிமூட்டமும் இறங்கியிருந்தது, எதிரே எதுவும் தெரியவில்லை. கேட்டில் மூங்கில் தடி போட்டு மறித்தார்கள். ரத்தத்தைப் பார்த்துப் பதறிப்போயிருந்த டிரைவர், இவர்களிடம் நின்றால் நேரம் போய்விடும் என்று, தடிக்குப் பக்கத்திலிருந்த இடைவெளியில் ஜீப்பை விடப் பார்த்தார். அப்போதுதான் ஒருவன் வானத்தை நோக்கிச் சுட்டான். ஜீப் நின்றது. அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மலை சரிந்து அத்தனையும் பள்ளத்துக்குப் போயிருந்தது. அதனால்தான் எல்லா வண்டியையும் மறித்திருக்கிறார்கள்.

நான் என்ன வேண்டினேன்? அந்த ரோட்டில் ஒருத்தன் மிச்சமில்லாமல் எடுத்துவிடு என்று. நான் கேட்டதைக் கேட்டபடியே பிள்ளையார் தந்திருந்தால், தடை இல்லாத அந்த ரோட்டில் என் மகள் நேரே பள்ளத்துக்குள் போயிருப்பாள். விக்கினம் தீர்க்கிறவரும் அவர்தான், வைக்கிறவரும் அவர்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் புரிந்தது.

அதோடு விடவில்லை அந்தப் பையன்கள். ஜீப்பின் பின் கதவைத் திறந்து பார்த்த ஒருவன், "அக்கா, பயப்படாதீங்க. நான் மொரேல வளந்தவன்" என்றானாம், தமிழில். பெயர் லியான். நம் ஆள் ஒருவரின் பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவனாம். இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டி அவளைப் படுக்க வைத்தார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்கள் கடவுளிடம் ஒரு ஜெபம் செய்தார்கள். என் மகள் கழுத்திலிருந்த பிள்ளையார் டாலரைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் பக்கத்தில் நடக்க, சரிவுக்கு மேலே காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் மாற்றி மாற்றித் தோள் கொடுத்துத் தூக்கிப் போனார்கள். சறுக்கும்போதெல்லாம் ஒருவன் முழங்காலில் விழுந்தாலும் கம்பளியைக் கீழே விடவில்லை. வயர்லெஸ்ஸில் சொல்லி, சரிவுக்கு அந்தப் பக்கம் வேறொரு வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். முன் சீட்டில் லியான் உட்கார்ந்துகொண்டான். அவனைப் பார்த்ததும் அடுத்தடுத்த கேட்டுகள் திறந்தன. மிசோரம் எல்லையைத் தாண்டித் துப்பாக்கியோடு அவன் போக முடியாது. அங்கே இறங்கி, வண்டி மறையும்வரை நின்றானாம்.

அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. துப்பாக்கி எனக்கு இன்றும் பயம்தான். எங்கள் மொரேயிலும் வீடுகள் எரிந்தன, எல்லாப் பக்கத்திலும் தாய்மார் அழுதார்கள். என் பிள்ளைக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கடைக்குப் போய் ரஞ்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "விடும் விசரி, பிள்ளை தப்பிட்டுது, அது காணும்" என்றார். பிறகு அவரும் அழுதார். அவர் யாரை நினைத்து அழுதார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து எனக்கு ஒரு குழப்பம் வந்தது. துப்பாக்கிக்காரர்களை எடுத்தால் தேங்காய் உடைக்கிறேன் என்றுதானே நேர்த்தி? அவர்கள் அங்கேயேதானே நிற்கிறார்கள்? ஐயரிடமே போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளையும் பேரப்பிள்ளையும் சுகமோ?"

"சுகம் ஐயா."

"பிறகென்ன விண்ணாணம் கதைக்கிறீர்? போய் உடையுமம்மா!"

தேரன்று தெருவில் உடைத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. ஓரமாக நின்ற போலீஸ்காரர்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார். பேத்திக்கு நியாங்லட்சுமி என்று பெயர். ஸோமி வழக்கப்படி மூத்த பேத்தியின் பெயர், அப்பாவைப் பெற்றவள் பெயரின் கடைசித் துண்டில் தொடங்க வேண்டுமாம். மீதியில் என் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். மருமகனும் விடுப்பில் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டான்.

காமிடம் எண் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை லியானைக் கூப்பிட்டேன். அவர்கள் மொழியில் நன்றிக்கு லுங்டாம் என்பார்கள். அதைப் பாடம் பண்ணி வைத்திருந்தேன். சொன்னதும் சிரித்தான். எனக்கு மனது பொறுக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"தம்பி, உங்களையெல்லாம் அந்த ரோட்டுலேருந்து எடுத்துடச் சொல்லி எங்க சாமிகிட்ட வேண்டுனேன்ப்பா. என்னை மன்னிச்சுக்க."

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

"அதையே இன்னொரு தடவை வேண்டுங்கம்மா," என்றான். "எனக்கும் வீட்டுக்குப் போகணும்."

அன்றிலிருந்து என் வேண்டுதல் அதுதான். அந்தப் பையன்களை அந்த மலையிலிருந்து எடு, ஒருத்தன் குறையாமல் அவனவன் அம்மாவிடம் கொண்டுபோய் விடு. எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்கில் நிற்கிற பையன்களையும் சேர்த்தே கேட்கிறேன். யாரும் ஒழியவேண்டும் என்று கேட்க எனக்கு இப்போது வாய் வருவதில்லை. பிரசாத வரிசையில்கூடக் குரலைக் குறைத்திருக்கிறேன், நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

போன வாரத்திலிருந்து லியானின் போன் அணைந்திருக்கிறது. அந்தப் பக்கம் மறுபடி துப்பாக்கிச் சூடு நடந்ததாகக் காம் சொன்னான், வேறெதுவும் அவனுக்கும் தெரியவில்லை. எனக்கு மறுபடி சோறு இறங்கவில்லை. என் மகளுக்காகக் கேட்டபோது நான் தப்பாகக் கேட்டும் சரியாகத் தந்தவர், இதையும் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன். நம்பிக்கொண்டேதான் பயப்படுகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்கு வருகிறவர்கள் தூணோரம் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்கள் பிள்ளைகளின் பெயரோடு லியான் என்று ஒரு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவனைப் பெற்றவளும் இப்போது ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.