மொட்டை மாடியில் இருபது சீட்டு

"ஏய், சீட்டு மாறி உக்காராத. ஒன் எடம் எதுவோ அதுல குந்து" என்று அதட்டிக்கொண்டே தையல்நாயகி, பக்கத்துச் சாக்கில் கால் ஊன்றப் பார்த்த சர்க்கரைவள்ளிக் கொடியைத் தூக்கி, திருப்பி, வந்த வழியே போட்டார். காலை ஐந்தே முக்கால். ஆறரைக்கு டிப்போவில் இருக்க வேண்டும். அதற்குள் இருபது சாக்கையும் பார்த்தாக வேண்டும்.

கொடியைத் திருப்பிப் போடுவதுதான் இந்தப் பயிரில் பாதி வேலை. விட்டால் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறக்கிவிடும். அப்புறம் அங்கே ஒரு சுண்டு விரல், இங்கே ஒரு சுண்டு விரல் என்று கிழங்கு சிதறிப்போகும். தாய்த்தூரில் ஒன்றும் பருக்காது. அதனால் வாரம் ஒரு முறை கொடிகளை எழுப்பி உட்காரவைக்கிறார். திட்டாமல் எழுப்பத் தெரியாது. விழுப்புரம்–திண்டிவனம் அரசுப் பேருந்தில் இரண்டு வருடமாகக் கண்டக்டராக இருப்பவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறார். அவர் தலைக்கு மேலேதான் மொட்டை மாடி. அங்கே இருபத்தாறு கிலோ அரிசிச் சாக்குகள் இருபது, வரிசைக்கு ஐந்தாக நாலு வரிசை. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று, நடுவில் ஆள் நடக்க வழி. அசல் பஸ். ஒவ்வொரு சாக்கின் மேலும் வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கிறார். தலைக்கு மேலே ஓடும் துணிக்கொடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வைத்து, பக்கவாட்டில் நடந்து தண்ணீர் விடுவார். மாடி ஆடாது, பிரேக் போடாது என்பது அந்தக் கால்களுக்கு இன்னும் தெரியவில்லை. அவருடைய டிரைவர் தென்னரசு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, ரோட்டுல ஒரு டிரிப்பு, ஊட்டுல ஒரு டிரிப்பா?" என்று சிரித்தார். "ஊட்டு டிரிப்புல ஒருத்தனும் கதவுல தொங்கறதில்லபா" என்று இவர் சொன்னார்.

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். வீட்டிலும் கழற்றுவதில்லை. தெருவில் ஒரு பெண்மணி அதைப் பற்றி ஜாடையாக ஏதோ கேட்டதற்கு, "கழுத்து சும்மா இருந்தா சளி புடிக்குதுக்கா" என்றார். ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு அடித்தால் கிளம்பு. பஸ்ஸின் சட்டம் அதுதான். மாடிப் படிக்கட்டில் பெருச்சாளி தென்பட்டாலும் இரண்டு விசில்தான். அதுவும் கிளம்பிவிடுகிறது.

கணவர் இதே டிப்போவில் டிரைவராக இருந்தவர். வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். 'கருணை அடிப்படையில் பணி' என்று காகிதம் வந்தது. ஆபீசில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிற வேலையாகக் கேட்டு வாங்கிக்கொள், கூட்டத்தில் போய் இடிபடாதே என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று புத்தி சொன்னார்கள். அவர் கண்டக்டர் வேலையைத்தான் கேட்டு வாங்கினார். ஆனால் அந்தக் 'கருணை' இன்றுவரை அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. "இன்னா கருண? காலையிலேந்து நிக்கறது நானு. தொண்ட கிழிய கத்தறது நானு. இதுல கருண எங்கேந்து வந்துச்சு?" என்பார். யாராவது 'பாவம்' என்று பேச்சை ஆரம்பித்தால் பாதியிலேயே விசில் ஊதிவிடுவார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஊதுவார்.

கொடியும் பஸ்ஸில்தான் வந்தது. போன வருடம் கூட்டேரிப்பட்டில் ஒரு பெரியவர் நாற்றுக்கொடிக் கட்டுடன் ஏறினார். அதைக் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளி வைக்க இடம் பண்ணிக் கொடுத்ததற்கு ஒரு கைப்பிடி கொடியை உருவிக் கொடுத்தார். விக்கிரவாண்டி வருவதற்குள் பாடமும் முடிந்தது. மூன்று கணு மண்ணுக்குள் போக வேண்டும், மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், எரு கொஞ்சமாகத்தான் போட வேண்டும். கடைசியாகச் சொன்னது, பஸ் இரைச்சலில் இவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்காரர் அப்பாதுரையின் மனைவி அஞ்சம்மாளிடம் மாட்டு எரு கேட்டு வாங்கி, சாக்குக்குப் பாதி என்று அள்ளிக் கொட்டினார். கொடி செழித்தது. இலை ஒவ்வொன்றும் கையகலம். பொங்கல் குழம்புக்கு எல்லாருக்கும் நம் வீட்டுக் கிழங்குதான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். போகி அன்று நாலு பேர் பார்க்க முதல் சாக்கைக் கவிழ்த்தார். வேர்தான் இருந்தது. இரண்டாவதிலும் வேர். ஐந்தாவதைக் கவிழ்க்கும்போது பார்த்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பாதுரை பொத்தவில்லை. வளவனூரில் நெல்லும் கரும்பும் வைக்கிற பரம்பரை விவசாயி அவர். இங்கே வீடு கட்டிக் குடிவந்த பிறகும் தினம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். "மண்ணுல வெளையறத மாடியில வெளைய வெப்பியா நீ? டிக்கெட்டு கிழிக்கறவங்க டிக்கெட்டு கிழிக்கணும்மா" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் தையல்நாயகிக்குப் போதும். கவிழ்த்த சாக்கில் இருந்த கொடியைத் துண்டு போட்டு வாளியில் பதியம் வைத்தார். ஆடிப்பெருக்கன்று இருபது சாக்கிலும் நட்டார். இந்த முறை செம்மண், மணல், தேங்காய் நார்த்தூள், ஒரே ஒரு கை எரு. சாக்குக்கு அடியில் துளை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்தார். பெயின்ட்டில் எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: 110 நாள்.

தொண்ணூற்றிரண்டாவது நாள் ஏழாம் நம்பர் பூத்தது. புனல் மாதிரி, வெளிர் ஊதாவில், நடுவில் கொஞ்சம் கருஞ்சிவப்பு. அழகான பூ. தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மேலே வந்த அப்பாதுரைக்கு அதைக் கண்டதும் முகம் செத்துவிட்டது.

"அடி ஆத்தே, நெய்வேலி காட்டாமணக்கு!"

அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? அதே புனல், அதே ஊதா, இலையும் ஏறக்குறைய அதே சாயல். பத்து வருடமாக அவர் நிலத்துக்கு வருகிற ஏரி வாய்க்காலை அந்தச் செடி அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வெட்டினார், கொளுத்தினார், ஜேசிபி வைத்து வாரினார். வாரிப்போட்ட துண்டு கரையிலேயே வேர்விட்டு நின்று மறுபடி அவரைப் பார்த்துப் பூத்தது. அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி அதுதான். அந்த எதிரி இப்போது இருபது சாக்கில் அவர் தலைமேலேயே குடியேறியிருக்கிறான் என்று நினைத்துவிட்டார்.

"இது கெழங்குக் கொடிண்ணா" என்றார் தையல்நாயகி.

"போன தபாதான் பாத்தமே ஒன் கெழங்க. எனக்கே செடி சொல்லித் தர்றியா? ஒரு துண்டு காவாயில உழுந்தா தெருவே போயிடும். மழ வேற வர்துப்பா, தளம் ஒழுகும்."

"ஒழுகினா என் தல மேலதாண்ணா ஒழுகும். நீங்க கீழதான கீறீங்க?"

அப்பாதுரைக்கு நியாயம் பிடிக்காது என்றில்லை. வாடகைக்கு இருப்பவர் வாயிலிருந்து வந்தால் பிடிக்காது. "வர்ற ஞாயித்துக்கெழம மாடி காலியா இருக்கணும். இல்லனா ஆள வெச்சி நானே அள்ளிடுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஞாயிறு என்றால் தொண்ணூற்றொன்பதாவது நாள். பதினோரு நாள் குறைகிறது. அந்த ஒரு வாரமும் தையல்நாயகி பஸ்ஸில் எப்போதும்போல் கத்தினார். ஆனால் மயிலம் கூட்டுரோடு வருவதற்கு முன்பே மயிலம், மயிலம் என்று இரண்டு முறை கூவிவிட்டார். தென்னரசு திரும்பிப் பார்த்தார். மாடி போவது ஒரு பக்கம். போகி அன்று சிரித்த சிரிப்புக்குப் பதில் அந்தச் சாக்குகளுக்குள் இருந்தது. அது வெளியே வராமலே போய்விடுமோ என்ற பயம் அவரை உண்மையிலேயே அரித்தது.

ஞாயிறு காலை, டூட்டியை மாற்றிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு மாடிப் படி முடிகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது மணிக்கு அப்பாதுரை இரண்டு சுமைதூக்கும் ஆட்களோடு ஏறி வந்தார். பின்னாலேயே மூச்சு வாங்க அஞ்சம்மாள்.

"ஏம்மா, காலி பண்ணச் சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க. நான் சரின்னனா?"

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சம்மாள் கணவர் தோளைத் தொட்டார். "வுடுங்களேன். பாவம், ஆம்பள இல்லாத ஊடு. ஆசயா வெச்சிருக்கு. இன்னும் நாலு நாளு இருந்துட்டுப் போவட்டும்."

அப்பாதுரையின் முகம் இளகியது. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், பதினோரு நாளும் கிடைத்திருக்கும். தையல்நாயகி வாளியை விட்டு எழுந்தார்.

"பாவம்னு வுட வேணாம்க்கா. செடி இன்னான்னு பாத்துட்டு வுடுங்க."

நேராக ஏழாம் நம்பருக்குப் போனார். சாக்கின் மேல்மண் கையளவுக்கு வெடித்திருந்தது. விரலை விட்டுத் துழாவினார். போகி அன்று கவிழ்த்த சாக்கிலும் இப்படித்தான் துழாவினார் என்பது அப்பாதுரைக்கும் அஞ்சம்மாளுக்கும் தெரியும். பிறகு கை வெளியே வந்தது. சிவப்புத் தோலோடு, ஒரு சாண் நீளத்தில், கழுத்துப் பருத்த கிழங்கு. மண்ணைப் புடவையில் துடைத்து, சாக்கு ஓரத்தில் கிடந்த கத்தியால் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை அப்பாதுரையின் உள்ளங்கையில் வைத்தார்.

"காட்டாமணக்குல கெழங்கு உண்டாண்ணா?"

அப்பாதுரை முகர்ந்து பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். பத்து வருட எதிரி இல்லை அது. தொண்டையைச் செருமினார். ஆனாலும் ஆட்களைக் கூட்டி வந்தாயிற்றே! "சரி, கெழங்குதான். அதான் வெளஞ்சிட்ச்சே, இன்னிக்கே புடுங்கிக்கினு மாடிய காலி பண்ணு. ஜல்தி ஆவட்டும்" என்றார்.

ஆமாம், விளைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். இருபது சாக்கையும் கவிழ்த்து, தெரு பார்க்கக் கூடை நிறைய அள்ளிக்கொண்டு இறங்கலாம். சிரித்த வாயெல்லாம் அன்றைக்கே அடைத்துப்போகும். தையல்நாயகி தன் கையிலிருந்த பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் கசிந்து நின்றது. முற்றிய கிழங்கென்றால் அது வெள்ளையாகவே காயும். கூட்டேரிப்பட்டுப் பெரியவர் சொன்னதில் அவர் காதில் சரியாக விழுந்தது இது. எல்லாரும் பார்க்க, பால் ஓரத்தில் கருக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கரும்பச்சையாக வட்டம் கட்டியது.

"பாத்துக்கினீங்களா? பால் கருக்குது. உங்க கையில கீறதையும் பாருங்க. இன்னும் முத்தல." கிழங்கை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "டிக்கெட்டு கிழிக்கறவதான் நானு. இதுங்களுக்கு நூத்திப்பத்து நாளுனு டிக்கெட்டு போட்டுக் குட்த்துட்டேன். நடு ரோட்டுல எறக்கி வுட மாட்டேன். ஸ்டாப்பிங் வந்தா நானே எறக்குவேன், மொதக் கெழங்கு உங்க ஊட்டுக்குத்தான். அதுவரைக்கும் ஒருத்தரும் இதுங்க மேல கை வெக்கக் கூடாது."

அப்பாதுரை வாயைத் திறந்தார்.

தையல்நாயகி ஒரு கையால் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். சுமைதூக்கும் ஆட்கள் இருவரும் மறுபேச்சில்லாமல் திரும்பிப் படியிறங்கினார்கள். கையில் பாதிக் கிழங்கோடு அப்பாதுரையின் காலும் தன்னால் முதல் படியில் இறங்கியது.