காக்காய்க்குச் சொன்னது பாட்டில் வந்தது

என் வீட்டு மொட்டைமாடி அறையில் இரண்டு பெண்கள் குடியிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், செல்போன் கம்பெனியில் ஒரே லைனில் வேலை. ஒருத்தி நெட்டை, கிடார் வாசிப்பாள். இன்னொருத்தி குட்டை, பாடுவாள். பாடுவாள் என்றால் தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவது போல இருக்கும். ஒரகடம் ரோட்டில் ஓயாமல் கம்பெனி பஸ் இரைகிற ஊரில் இப்படிப் பாடினால் எவன் காதில் விழும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் நன்றாகத்தான் இருந்தது. லீவு நாளில் கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன மைக் ஒன்றை வைத்து அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். எல்லாம் சேர்த்து ஆல்பம் போடப் போவதாகச் சொன்னார்கள்.

அவர்கள் பதிவு செய்யும்போது நான் மோட்டார் போட மாட்டேன், மிக்சி ஓட்ட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரி குக்கர் வைத்தாள் என்று சண்டைக்கே போனேன். இவ்வளவும் செய்தவள் நான். அது அவர்கள் மனசில் இருந்திருக்க வேண்டும்.

அமாவாசைக்கு அமாவாசை மாடிக்குப் போய் காக்காய்க்குச் சோறு வைப்பேன். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து அது வழக்கம். காக்காய் வந்து வாய் வைக்கிற வரைக்கும் நின்று அவரோடு பேசுவேன். உயிரோடு இருக்கும்போது அந்த மனுஷன் நான் சொன்ன எதையும் காதில் வாங்கியதில்லை. இப்போதுதான் கேட்கிறார். அங்கே பேசுவதை வேறு எவரிடமும் பேச மாட்டேன்.

பேச்சு பெரும்பாலும் என் மகனைப் பற்றித்தான். ஒரே மகன். குன்றத்தூரில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான், கம்பெனியில் சூப்பர்வைசர். பஸ் ஏறினால் வந்துவிடலாம், வருவதில்லை. தெருவில் கேட்டால், "ஞாயித்துக்கெயமகூட ஓ.டி. போட்டுட்றானுங்க, இன்னா பண்றது" என்பேன். ஓவர்டைம் வேலை என்றால் இங்கே எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. என் வீட்டு மானத்தை அப்படித்தான் காப்பாற்றி வைத்திருந்தேன்.

ஆல்பம் வந்தது. ஒருநாள் எண்ணெய் வாங்கப் போனேன். கடைக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா பெரிம்மா, நீ பாட்ல எல்லாம் வர்ற, சொல்லவே இல்ல?"

அவள் மகள் கம்பெனி பஸ்ஸில் கேட்கிற பாட்டாம். போனில் போட்டுக் காட்டினாள். முதலில் கிடார், பிறகு காக்காய் கத்துகிற சத்தம், அதற்குப் பிறகு என் குரல்.

"வந்து துன்னுய்யா. உம் மவன்தான் என் கையால துன்னமாட்டேன்னுட்டான். பொங்கலுக்குக்கூட வாசப்படி மிதிக்கல. நீயாச்சும் துன்னு."

மேளதாளத்தோடு பாடுகிறவர்களாக இருந்தால் என் பேச்சு அதில் அமுங்கிப் போயிருக்கும். இவர்கள் பாட்டு பஞ்சு போல. அதன் மேல் என் குரல் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

"அப்ப அந்த ஓ.டி. எல்லாம் சும்மாவா பெரிம்மா?"

"உம் புருஷன் எங்க வியுந்து கெடந்தான்னு நான் என்னிக்காச்சும் கேட்டனா? எண்ணெய ஊத்துடி."

வீட்டுக்கு வந்து எண்ணெயைக் கீழே வைத்த கையோடு மாடி ஏறினேன். இரண்டு பேரும் அறையில்தான் இருந்தார்கள்.

"யாரக் கேட்டு என் பேச்சைப் பாட்ல போட்டீங்க?"

நெட்டைக்காரி எழுந்து நின்றாள். "கோவப்படாதிய ஆச்சி. காக்கா சத்தம் எடுக்கத்தான் சன்னல்ல மைக்க வச்சோம். நீங்க பேசுனதும் அதுல விழுந்துட்டு. கேட்டுட்டு ரெண்டு பேரும் அழுதுட்டோம்."

"அழுதவ கீய எறங்கி வந்து என்னைக் கேட்டியா?"

குட்டைக்காரிதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கேட்டா வேண்டாம்னு சொல்லிருவியன்னுதான் ஆச்சி கேக்கல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிகீறீங்க. மருவாதியா எட்த்துடு."

"எல்லாரும் அந்தப் பாட்டைத்தான் ஆச்சி கேக்காவ."

"எல்லாரும் கேக்கட்டும்னா நான் பேசினேன்? எடு!"

எடுத்துவிடுகிறோம் என்றார்கள். நான் கீழே இறங்கி வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. என் மகன். அவனாக என்னைக் கூப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

"இன்னாம்மா இது? நம்மூரு பசங்க லைன்ல போட்டுச் சிரிக்கிறானுங்க. மொதல்ல அதை எடுக்கச் சொல்லு."

"நான் சொன்னதுல பொய் எதுனா கீதா?"

"அதெல்லாம் வேணாம். என் மானம் போவுது, எடுக்கச் சொல்லு."

"வேற எதுவும் பேசறதுக்கு இல்லியாடா?"

"வேலையில கீறேம்மா. அப்பால பேசறேன்."

வைத்துவிட்டான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. இத்தனை நாள் இவனுக்காகவா நான் தெருவில் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்று போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு முட்டி வலியோடு மறுபடியும் மாடி ஏறினேன். அவர்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"எடுக்காத. அது அப்பிடியே இருக்கட்டும்."

நெட்டைக்காரி முகம் மலர்ந்து என் கையைப் பிடிக்க வந்தாள். உதறினேன்.

"உங்களுக்காக ஒண்ணும் வுடல. என் புள்ள கேக்கணும், அதுக்குத்தான். நீங்க ரெண்டு பேரும் வேற ரூம் பாத்துக்கோங்க."

"ஆச்சி, மன்னிச்சிருங்க ஆச்சி. நாங்க எங்க போவோம்?"

"கேட்டா வேணாம்னுடுவேன்னு தெரிஞ்சுதே, போகச் சொல்லுவேன்னு தெரியலியா?"

அந்த மாதமே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். பாவம், சின்னப் பெண்கள், நீ கல்மனசுக்காரி என்று தெருவில் சொன்னார்கள். சொல்லட்டும். கடைக்காரி ஒருநாள், "உம் புள்ள இந்த வாரமாச்சும் வர்றானா பெரிம்மா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டாள். வர மாட்டான் என்றேன். அதற்கு மேல் கேட்க அவளுக்கு எதுவும் இல்லை.