ரப்பர் பட்டையைக் கட்டியது யார்?

என் கையெழுத்தைப் போட நான் பழகியதே மீசை முளைத்த பிறகுதான். இன்றைக்கு சங்கத் தலைவனான நான் பக்கத்தில் உட்காராமல் எங்கள் பட்டறையில் ஒரு தொழிலாளியையும் விசாரிக்க முடியாது. அந்த உரிமையைச் சண்டை போட்டு வாங்கியவனும் நான்தான்.

அப்பேர்ப்பட்ட எனக்கே, ரேடியோவை விசாரித்த அன்று பயமாக இருந்தது.

ரேடியோ பிரஸ் மெஷினில் தகடு அடிப்பவள். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். அடுத்த ஷிப்டில் அதே மெஷினில் நின்ற அவள் நாத்தனாருக்கு இரண்டு விரல் போய்விட்டது. மெஷினில் இரண்டு பட்டன். இரு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாது. வேலை வேகமாக ஓடட்டும் என்று ஒரு பட்டனை ரப்பர் பட்டையால் அமுக்கிக் கட்டிவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். விசாரணை என்றதும் மேலாளர் எல்லாப் பட்டையையும் அறுத்தெறிந்தார். “அவளே கட்டினா, அவளே பட்டா” என்றார். அந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் விரல் போன சின்னவளுக்கு நஷ்டஈடு கிடையாது.

விசாரிக்க வந்த அரசு அதிகாரி ஓர் அம்மாள். முதலில் மெஷினைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்.

“யாரையும் மாட்டிவிட நான் வரலை. ஏன் நடந்துச்சுன்னு தெரியணும். பட்டையைக் கட்டினது யாரும்மா?”

ரேடியோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னால் வேலை போகும்.

“நான்தாங்க. போறப்ப அவுக்காம விட்டுட்டேன். அவ புதுசு, கட்ட சிரமப்படுவாளேன்னு...”

கதவோரம் நின்ற மேலாளர் பாய்ந்து வந்தார். “கேட்டீங்களா மேடம்? இவ ஒருத்தி பண்ண வேலை!”

நான் சும்மா இருப்பேனா? மற்றவர்களையும் செய்துகாட்டச் சொல்லுங்கள் என்று வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

“கரண்டை நிறுத்துங்க. எல்லாரும் அவங்கவங்க மெஷின்ல தினமும் செய்யற மாதிரி செஞ்சு காட்டுங்க.”

வரிசையாக நின்றார்கள். வலது கை பட்டனுக்குப் போனது. இடது கை, ஒன்று தப்பாமல், இன்னொரு பட்டனை விட்டுவிட்டு நேராக அச்சுக்கு அடியில் போனது. போன பிறகுதான் ஒவ்வொருத்தியும் திடுக்கிட்டாள்.

“இது ஒருத்தி பண்ண வேலையா, சார்?” என்றார் அந்த அம்மாள்.

மேலாளர் முகம் செத்துப்போனது.

பட்டறையின் பழக்கமே காரணம், அதைக் கண்டும் காணாமல் விட்டது நிர்வாகம் என்று முடிவு வந்தது. ரேடியோவை வெளியே அனுப்பப் பார்த்தார்கள், நான் விடவில்லை. நஷ்டஈடு உறுதியான செய்தியை நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சின்னவள் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள். “பணம் வரட்டும் அண்ணி. உன்னை மன்னிக்கத்தான் எனக்கு மனசு வரலை.”

“வர்றப்ப வரட்டும்டி,” என்றாள் ரேடியோ. “இப்ப கையை நீட்டு. கட்டு மாத்தணும்.”

சின்னவள் சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினாள்.