பல்லக்கா கட்டிய விமானம்

பல் செய்யும் லேபில் அவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அதே ஜன்னலோர மேசை, அதே சுழல் நாற்காலி. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் அதை வைத்துக்கொண்டு மெழுகில் ஈறு வார்த்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேலும் கீழும் கடி பொருந்துகிறதா என்று பார்த்து, அரம் போட்டு, பளபளவென்று தேய்த்து அனுப்புவாள். அந்தப் பல்லோடு சிரிக்கப்போகிறவர்களின் முகத்தை அவள் பார்த்ததே கிடையாது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிதாக வருத்தமும் இல்லை. டாக்டருக்குத்தான் நன்றி போகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வீட்டில் நடந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் கணவர் குடிநீர் அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருந்தார். ஓய்வு நேரமெல்லாம் சின்ன விமானங்கள் கட்டுவார். பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, ஒட்டி, வர்ணம் அடித்து, கூடத்தில் இருந்த கண்ணாடி அலமாரியில் வைப்பார். இருபத்துமூன்று விமானங்கள். அந்த அலமாரியை அவள் துடைக்கக் கூடாது. திறக்கவும் கூடாது. ஆனால் மெல்லிய துளை போட ஊசி மாதிரி ஒரு துளைப்பான் வேண்டுமென்றபோது மட்டும், "உங்க லேப்ல இருக்குமே, ஒண்ணு கொண்டு வாயேன்" என்றார். கொண்டு வந்து கொடுத்தாள். அது ஒன்பது வருஷமாக அவர் மேசையிலேயே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய விமானச் சிநேகிதர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு பெட்டியை அவர்கள் முன்னால் திறந்தார். ரெட்டை எஞ்சின் வைத்த சரக்கு விமானம். நூற்று முப்பது துண்டு. எப்படிக் கட்டுவது என்று சொல்லும் குறிப்புத்தாள் உள்ளே இல்லை. சட்டத்தில் நம்பரோடு இருக்கவேண்டிய துண்டுகளில் பாதி உதிர்ந்து, பொரி மாதிரி அடியில் கிடந்தன.

"போச்சு. இதைக் கட்டவே முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார்.

டீ கொண்டுவந்தவள் குனிந்து பார்த்தாள். கை தானாகப் போய் இரண்டு துண்டுகளை எடுத்தது. "இது ரெண்டும் ஜோடிதானே?" என்று சேர்த்துப் பிடித்தாள். கச்சிதமாகப் பொருந்தின.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார். "தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" பிறகு சிநேகிதர்கள் பக்கம் திரும்பி, "இவளுக்குப் பல்லுதான்பா தெரியும்" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மணிக்கட்டில் அவர் விரல் பட்ட இடம் சாயங்காலம் வரை எரிந்தது. வலியால் இல்லை.

மறுநாள் காலையில், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் கிடந்த அந்தப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சாப்பாட்டு இடைவேளை நாற்பது நிமிஷம். பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்து, துண்டுகளை எல்லாம் ஒரு தட்டில் கொட்டினாள். பிளாஸ்டர் மாவு கலக்கி அச்சு ஊற்றுகிறவர் ஒருத்தர் அங்கே உண்டு. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இது யாரு வாய்க்கு?" என்றார்.

"கொஞ்சம் பெரிய வாய்க்கு" என்றாள் அவள், நிமிராமல்.

முதல் நாள் கோபத்தில் அழுத்தியதில் சக்கரக் கால் ஒன்று படக்கென்று முறிந்தது. அன்றைக்கு அதோடு மூடி வைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து கோபத்தை வேறு மாதிரி வைத்துக்கொண்டாள். உடைந்த பல்செட்டைக் காகிதத்தில் மடித்து அனுப்புகிறவர்கள் யாரும் குறிப்புத்தாள் வைத்து அனுப்புவதில்லை. உடைந்த விளிம்பைப் பார்த்துத்தான் எது எதோடு சேரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுவும் அதுதானே என்று உட்கார்ந்தாள். முதல் வாரம் ஒரு சொட்டுப் பசைகூடத் தொடவில்லை. முளை உள்ளது ஒரு பக்கம், துளை உள்ளது ஒரு பக்கம், இடது, வலது என்று பிரித்தாள். பெட்டி மூடியில் இருந்த ஒரே ஒரு படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

பொருத்திப் பார்க்கும்போது மெழுகுப் பொட்டு வைத்து ஒட்டினாள்; தப்பென்றால் உருக்கி எடுத்துவிடலாம். உடலின் இரண்டு பாதியும் எங்கே இடிக்கிறது என்று தெரிய, கடி பார்க்கும் நீலத்தாளை நடுவில் வைத்து அழுத்தினாள். நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் எடுத்தாள். ஒட்டிய பிறகு இணைப்பு எங்கே என்று நகத்துக்கே தெரியவில்லை.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. எஞ்சின்களைப் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டாள். மாவு அச்சு அறுக்கும் ரம்பத்தால் அறுத்து எடுத்து மறுபடி வைத்தாள். நான்காவது வாரம் முறிந்த காலை ஒட்டி, சக்கரங்களை மாட்டி மேசையில் நிறுத்தினால், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வால் மேசையில் படும்படி உட்கார்ந்தது.

"விமானம் களைச்சுப் போச்சுக்கா" என்றார் மாவுக்காரர்.

மூக்குக்குள் எடை வைக்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. உடலை ஏற்கெனவே ஒட்டியாயிற்று. வாய்க்கு வந்தபடி திட்டினாள், விமானத்தை இல்லை. பிறகு முன்சக்கரம் மடங்கும் குழிக்குள் துளை போட்டு, பல்சட்டம் வார்த்ததில் மிஞ்சிய உலோகத் துணுக்குகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, மெழுகு ஊற்றி அடைத்தாள். விமானம் மூக்கை இறக்கி, மூன்று சக்கரத்தில் நின்றது.

ஐந்தாவது வாரக் கடைசியில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கணவர் குளித்துவிட்டு வந்தார். நின்றார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"யார் கட்டினது?"

"நான்."

சுற்றிச் சுற்றி வந்தார். குறை தேடுகிறார் என்று தெரிந்தது. கடைசியில், "இந்த ஆண்டெனா கம்பி இன்னும் கொஞ்சம் பின்னால சாய்ஞ்சிருக்கணும்" என்றார். அப்புறம் கண்ணாடி அலமாரியில் இரண்டாவது தட்டில் இடம் ஒதுக்கி அதை வைத்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, இதுதான் அவர் கேட்கிற விதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பாதிக் கோபம் இறங்கியது.

மறுநாள் சிநேகிதர்கள் வந்தார்கள். அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் காதில் விழுந்தது:

"குறிப்புத்தாள் இல்லாமலே முடிச்சுட்டேன்பா. அஞ்சு வாரம் பிடிச்சுது. அவளும் கூடமாட இருந்து துண்டு எடுத்துக் குடுத்தா."

குழாயை மூடினாள். ஈரக்கையோடு கூடத்துக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மூக்குல எடைக்கு என்ன வச்சிருக்கீங்க? சொல்லுங்க."

அவர் சிரித்துச் சமாளித்தார். "அது... களிமண்ணுதான். வழக்கமா வைக்கிறது."

"எது வழியா வச்சீங்க?"

அவள் அலமாரியைத் திறந்து விமானத்தை எடுத்து, அடிப்பக்கத்தைச் சிநேகிதர்களிடம் காட்டினாள். முன்சக்கரக் குழியில் ரோஸ் நிறத்தில் ஈறு மெழுகு தெரிந்தது.

தாடி வைத்த சிநேகிதர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அண்ணி, இதுக்குள்ள பல்லா இருக்கு?"

"பல்லு இல்ல. பல்லுக்கு வார்க்கிற உலோகம். எங்க லேப்ல மிஞ்சினது. நான் வச்சது."

அன்றைக்கு யாரும் இரண்டாவது டீ கேட்கவில்லை. அவர்கள் போனதும் அவர் ஆரம்பித்தார். "எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டே. ஒரு பொம்மைக்கு இவ்வளவா?"

"பொம்மைதானே? அப்புறம் எதுக்குத் திருடுனீங்க?"

அவள் நிறுத்தவில்லை. கையைப் பிடித்து விலக்கியது, துடைக்கக் கூடாத அலமாரி, ஒன்பது வருஷமாகத் திரும்பி வராத துளைப்பான் என்று வரிசையாகக் கொட்டினாள். தன்னிடம் இவ்வளவு சேர்ந்திருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. திங்கட்கிழமை விமானத்தையும் துளைப்பானையும் லேபுக்குக் கொண்டுபோய்விட்டாள். விமானம் அவள் மேசைக்கு மேலே, மாவு அச்சுகளுக்கு நடுவே நின்றது.

மூன்று வாரம் வீட்டில் உப்பு, சாவி, கரண்டு பில் தவிரப் பேச்சில்லை.

பிறகு ஒரு மத்தியானம் லேப் வாசலில் அவர் வந்து நின்றார். இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "யார் சார் வேணும்?" என்று மாவுக்காரர் கேட்டார்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பல்லக்கா வீட்டுக்காரர்" என்றார்.

உள்ளே விட்டார்கள். அவள் ஒரு கீழ்த்தாடைக்குப் பல் நட்டுக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அனுப்பவேண்டிய வேலை. அவர் மேலே இருந்த விமானத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் கையைப் பார்த்தார். கால் மணி நேரம் அப்படியே நின்றார்.

"இவ்வளவு நுணுக்கமான வேலைன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"கேட்டதில்லையே நீங்க."

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அவங்க மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் கடைவாய்ப் பல்லை மெழுகில் வைத்துச் சூடான கத்தியால் சுற்றி அடைத்தாள். கோபம் போகவில்லை, போனதாகக் காட்டிக்கொள்ளவும் அவளுக்கு மனசில்லை. இன்னும் எட்டுப் பல் பாக்கி இருந்தது.

"ஜன்னலை மறைக்காம இந்தப் பக்கம் நில்லுங்க" என்றாள்.

அவர் நகர்ந்து நின்றார்.