காய் இல்லாத களம்

இன்று யார் வீட்டுப் பாயசத்திலாவது ஏலக்காய் மணந்தால் போதும், போடி மலையடிவாரத்தில் இப்போது புதர் மண்டிக் கிடக்கும் அந்தக் காய்க்களம் நினைவுக்கு வந்துவிடுகிறது; கூடவே அதன் முதலாளியான அந்த மகா மூடரும்.

உலர்ந்த ஏலக்காயைப் பாயில் பரப்பி, உறுமிச் சத்தத்துக்கு வரிசையாக நின்று, பல் போன கிழவர் முதல் நடை பழகிய பிள்ளை வரை முன்னும் பின்னுமாகக் கூலியாட்களான நாங்கள் ஆடினால், வெறுங்காலில் தேய்ந்து காம்பெல்லாம் உதிரும். பாதம் நாள்கணக்கில் மணக்கும். நிழலில் வெற்றிலை மென்றபடி இதைப் பார்த்துவந்த முதலாளி, தன்மேல் உள்ள பிரியத்தால்தான் ஆடுகிறோம் என்று நம்பினார். அதனால், தோட்டம் பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரைக்கு ஆட்டம் காட்ட, காயை அள்ளி, பாயைச் சுருட்டி, களத்தைச் சாணமிட்டு மெழுகிவைத்தார்.

உறுமி முழங்கியது. வரிசை அசையவில்லை.

"ஆடுங்கப்பா, வெரசா!" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

"காயைக் காணோமேய்யா, எதைத் தேய்க்கச் சொல்றீக?" என்றாள் என் அம்மா, உண்மையான கவலையோடு.

துரை கொட்டாவி விட்டார். பதறிப்போன முதலாளி, சரிகை வேட்டியைத் தூக்கிக் கட்டி, தொப்பை குலுங்கத் தானே ஆடிக் காட்டினார். துரை மனம் குளிர்ந்து அவர் காலடியில் ஒரு காசை எறிந்தார்.

அந்த மனிதர் அதைக் குனிந்து பொறுக்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.