சிவப்பு மையும் ஒரு ‘ங்க’வும்

போன மாதம் நான் டைப் அடித்த கடிதம் ஒன்று பரீட்சைப் பேப்பர் மாதிரி சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘ரிட்டர்ன் பேக்’ — அதில் ‘பேக்’ அடிபட்டிருந்தது. ‘டிஸ்கஸ் அபௌட்’ — ‘அபௌட்’ காலி.

சிவப்புக் கோடு அடித்தவர் ஜோஷி சார். புனேயிலிருந்து எங்கள் பம்ப் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர்.

“ரிட்டர்ன் என்றாலே திரும்பத்தான். எதற்கு இன்னொரு தடவை?” என்றார் இங்கிலீஷில்.

நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு வார்த்தை கைவிட்டாலும் இன்னொன்று தாங்கட்டுமே என்று இரண்டாகப் போட்டே பழக்கம். உங்களில் எத்தனை பேர் அப்படி?

“சார், ‘டாக்’ என்றால் ‘அபௌட்’ வேண்டும். ‘டிஸ்கஸ்’ என்றால் வேண்டாம். ஏன்?”

யோசித்தார்... “காதுக்கே தெரியும்” என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு நான் தமிழ் வாத்தியார். நோட்டுப் போட்டுப் படிக்கிறார். ஒருநாள் கேட்டார்: “இந்த ‘ங்க’ எதற்கு? வா என்றாலும் ‘கம்’, வாங்க என்றாலும் ‘கம்’. வேஸ்ட்!”

நோட்டு முழுக்க ‘ங்க’வுக்குச் சிவப்புக் கோடு. நான் தடுத்திருக்கலாம். என் ‘பேக்’கை அடித்தவர்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தால்தான் திங்கள் காலை லாரியில் பம்ப் ஏறும். ஏறாவிட்டால் ஆர்டர் கேன்சல். வந்த பிறகு அவர் பிடித்த முதல் ஆர்டர் அது! நேராக ஷெட்டுக்குப் போனார். அசெம்பிளியில் எல்லோருக்கும் மூத்தவர் சூசையண்ணன். அவரிடம்...

“சூசை, நாளைக்கு வா. எட்டு மணிக்கு வா.”

சூசையண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “நாளைக்குச் சர்ச்சுக்குப் போகோணுமுங்க.”

அடுத்தவருக்குக் கிணத்துக்கடவில் கெடா விருந்து. இன்னொருவருக்குத் திடீரென்று இடுப்பு வலி.

“என் தமிழில் என்ன தப்பு?” என்று என் பக்கம் திரும்பினார் ஜோஷி சார்.

“அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும் சார்” என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்த ‘ங்க’வை எங்கெங்கே போட வேண்டும்? ரூல் என்ன?”

அட, எனக்கும் தெரியவில்லை! “காதுக்கே தெரியும் சார்...”

அவர் காதுக்குத் தெரியாதே. எதற்கும் இருக்கட்டும் என்று கண்டதற்கெல்லாம் போட்டார்.

“அண்ணாங்க... நாளைக்குங்க... லாரிங்க வருதுங்க... நீங்கங்க வாங்கங்க!”

ஷெட்டே சிரித்தது. “ஏனுங்க சார், எங்க ஊட்டு மாப்பிள்ளைகூட இத்தனை மரியாதை குடுத்ததில்லீங்க!” என்றார் இடுப்பு வலிக்காரர்.

சூசையண்ணன் ஸ்பேனரை மறுபடி எடுத்தார். “சர்ச்சு முடிச்சுப்போட்டுப் பத்து மணிக்கு வந்தர்றனுங்க. நீங்க வெசனப்படாதீங்க.”

வந்தார்கள். லாரியும் போனது.

ஒரு வார்த்தை வேண்டுமா வேண்டாமா? கேட்கப்போகிறவரை நினைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை என் அடுத்த கடிதம் திரும்பி வந்தது. ‘கைண்ட்லி’யும் போட்டு, கூடவே ‘ப்ளீஸ்’ஸும் போட்டிருந்தேன். ‘ப்ளீஸ்’ மேல் ஆரம்பித்த சிவப்புக் கோடு பாதியில் நின்றிருந்தது. பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில், தமிழில், ஒரே ஒரு வார்த்தை —

“இருக்கட்டுமுங்க.”